மூன்றாவது ஒற்றையர்: தாமஸ் கோப்பை 2022 பார்த்தவர்கள் எழுதுங்கள்

காலை ஷட்டில், சென்னை

விளையாடி முடித்து டீ குடிக்கும்போது எங்கள் குழுவில் பழைய வாக்குவாதம் ஒன்று மறுபடி கிளம்பியது. 2022 மே மாதம் பாங்காக்கில் இந்திய ஆண்கள் பேட்மிண்டன் அணி, நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டியான தாமஸ் கோப்பையை வென்றதே, அது அதிர்ஷ்டத்தில் வந்ததா, தகுதியில் வந்ததா? ஆளுக்கொரு பேச்சு. அதனால் இங்கே கேட்கிறேன். இந்த முறை கோப்பை நம் கைக்கு வரும் என்று எந்த ஆட்டத்தில் உங்களுக்குத் தோன்றியது? நேரில் பார்த்திருந்தாலும் சரி, டிவியில் பார்த்திருந்தாலும் சரி, வெறும் ஸ்கோர் மட்டும் பார்த்திருந்தாலும் சரி.

புதிதாக ஷட்டில் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1949இல் முதல் கோப்பையை அப்போதைய மலாயா வென்றது. அதிலிருந்து 2022 வரை இந்தக் கோப்பையைத் தூக்கிய நாடுகள் ஐந்தே ஐந்துதான்: மலேசியா, இந்தோனேசியா, சீனா, ஜப்பான், டென்மார்க். இந்தோனேசியா மட்டும் 14 முறை. பாங்காக்குக்கு நடப்பு சாம்பியனாக வந்ததும் அவர்கள்தான். நாம் 1979க்கு அப்புறம் அரையிறுதியையே எட்டியதில்லை. பிரகாஷ் படுகோன் காலத்துக் கதை அது.

இரண்டு நாடுகளின் ஒரு மோதலில் ஐந்து ஆட்டம், மூன்றை எடுத்தால் வெற்றி. ஒரு ஆட்டத்தை ஜெயிக்க மூன்றில் இரண்டு கேம் எடுக்க வேண்டும். ஒற்றையர், இரட்டையர், ஒற்றையர், இரட்டையர், கடைசியில் மூன்றாவது ஒற்றையர். எல்லாரும் முதல் ஒற்றையரைப் பற்றித்தான் பேசுவார்கள், ஏனென்றால் பெரிய பெயர்கள் அங்கேதான் மோதும். என் கருத்து வேறு. அந்த அணியின் பலம் வரிசையின் அடியில் இருந்தது. ஒற்றையர் வரிசையை உலகத் தரவரிசைப்படிதான் இறக்க வேண்டும். அப்போது லக்ஷ்யா சென் 9, ஸ்ரீகாந்த் 11, பிரணாய் 23. பிரணாய் மாதிரி ஒருவரை மூன்றாவதாக உட்காரவைக்க எத்தனை நாடுகளால் முடியும்?

எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு தோல்வியில். குழுச் சுற்றில் ஜெர்மனியையும் கனடாவையும் 5-0, 5-0 என்று முடித்துவிட்டு சீன தைபேயிடம் 2-3 என்று தோற்றோம். பத்திரிகைகள் தோல்வி என்று எழுதின. நான் பார்த்தது அந்த இரண்டைத்தான்: ஸ்ரீகாந்த் ஜெயித்தார், பிரணாய் ஜெயித்தார். நம் முதல் இரட்டையர் ஜோடி சாத்விக்கும் சிராக்கும் தோற்றது லீ யாங், வாங் சீ-லின் ஜோடியிடம். டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. லக்ஷ்யா வயிற்றுக் கோளாறோடு பாங்காக்கில் வந்து இறங்கியிருந்தார். அப்படியும் சௌ தியென்-சென்னை மூன்று கேம் ஓடவைத்தார். இந்த அணியை ஐந்தாவது ஆட்டம் வரை யாராவது இழுத்தால் இழுத்தவர்தான் மாட்டிக்கொள்வார் என்று அன்றைக்கே சொன்னேன். டீக்கடையில் சொன்னதற்கு சாட்சி இருக்கிறது.


கிள்ளான் ரசிகன், மலேசியா

அண்ணா, அந்தக் கதையை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

எங்கள் வீட்டில் பூப்பந்து (ஷட்டிலை இங்கே அப்படித்தான் சொல்வோம்) என்றால் அப்பாவின் பேச்சுதான் கடைசிப் பேச்சு. 1992இல் கோலாலம்பூர் ஸ்டேடியம் நெகாராவில் மலேசியா இந்தோனேசியாவை 3-2 என்று வென்றதை இன்றைக்கும் ஆட்டம் ஆட்டமாகச் சொல்வார். சிடெக் சகோதரர்கள், ஃபூ கோக் கியோங் எல்லாம் எங்கள் வீட்டில் மாமா, சித்தப்பா மாதிரி புழங்கும் பெயர்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு அந்தக் கோப்பை கிடைக்கவே இல்லை. 2014இல் உங்கள் டெல்லியில் இறுதிவரை போனோம். லீ சோங் வெய் முதல் ஒற்றையரை ஜெயித்து அவர் வேலையை முடித்துக் கொடுத்தார். 2-2 என்று நின்று, மூன்றாவது ஒற்றையரில் ஜப்பானின் உவேதாவிடம் மூன்று கேம் போராடித் தோற்றோம். ஜப்பானுக்கு அதுதான் முதல் கோப்பை. அப்பா அன்றைக்கு இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அதனால் 2022 காலிறுதியில் எங்களுக்கு இந்தியா என்று வந்ததும் அப்பா ரொம்பத் தெம்பாக இருந்தார். "முதல் ஆட்டம் லீ ஸீ ஜியா எடுத்துடுவான், மிச்சத்த பாத்துக்கலாம்" என்றார். அந்த வருடம் ஜனவரியில்தான் ஸீ ஜியா மலேசியப் பூப்பந்து சங்கத்தை விட்டு வெளியே போனதும், அவருக்குத் தடை போட்டதும், பிறகு அந்தத் தடையை நீக்கியதுமாக ஒரே அமளி. எங்கள் தெருவே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பாங்காக்கில் அவர் நாட்டுக்காக இறங்கியதும் எல்லாரும் பழசை மறந்துவிட்டார்கள்.

முதல் ஆட்டத்தில் அப்பா சொன்னதுதான் நடந்தது. லக்ஷ்யாவை 23-21, 21-9. முதல் கேம் உயிரை வாங்கியது, இரண்டாவதில் அவரிடம் கால் ஓடவில்லை. மாமாக் கடையில் (இங்கே இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) ஒரே கைத்தட்டல். என் சித்தப்பா மகன் மட்டும் அன்றைக்கு இந்தியா பக்கம். பாட்டி திருச்சிப் பக்கத்துக்காரர் என்பது அவனுக்கு அன்றுதான் நினைவுக்கு வந்தது. ஓரமாக உட்கார்ந்து தே தாரிக் (இழுத்து ஆற்றிய டீ) குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்து சாத்விக்–சிராக், கோ ஸே ஃபெய்–நூர் இஸ்ஸுதின் ஜோடியை நேர் கேமில் முடித்தார்கள். ஸ்ரீகாந்த் எங்கள் இங் ஸே யோங்கை 21-11, 21-17. ஸே யோங் சின்னப் பையன், பரவாயில்லை. ஆரோன் சியா, டியோ ஈ யி சேர்ந்து 2-2 ஆக்கிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த 2-2 வந்ததும் அப்பா முகம் மாறிவிட்டது. கடைக்காரர் ஒலியைக் கூட்டினார், அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "மறுபடி மூணாவது சிங்கிள்ஸா" என்றார், அவ்வளவுதான்.

பிரணாய் எதிரே லியோங் ஜுன் ஹாவ். நன்றாகத்தான் ஆரம்பித்தான் பையன். அப்புறம் ஒரு கட்டத்துக்கு மேல் பிரணாய் அவனை நாலு மூலைக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார். 21-13, 21-8. வீட்டுக்குக் காரில் திரும்பும்போது அப்பா சொன்னது: "நம்ம கிட்ட ஒரு ஆளு இருந்தான், அவங்க கிட்ட மூணு ஆளு இருந்தாங்க." உங்கள் நாடு கோப்பை வாங்கும் என்று நான் நம்பியது அந்தக் காரில்தான். சித்தப்பா மகன் பின்சீட்டில் சத்தமே போடாமல் வந்தான். புத்திசாலி.


சும்மா படிக்க வந்தவர், கோவை

கிள்ளான் தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்: அந்தக் காலிறுதி வெற்றியிலேயே இந்தியாவுக்குப் பதக்கம் உறுதியாகிவிட்டது. தாமஸ் கோப்பையில் நமக்கு அதுவே முதல் பதக்கம். அத்தோடு போதும் என்று நான் டிவியை அணைத்துவிட்டேன், எதிரே டென்மார்க் நிற்கிறதே.


கடைசி வரிசை, பாங்காக்

நான் இங்கே வேலை பார்க்கிறேன். அரையிறுதி, இறுதி இரண்டையும் இம்பாக்ட் அரங்கில் பார்த்தேன். அரங்கம் பாங்காக் நகரத்துக்குள் இல்லை, வடக்கே நோந்தபுரியில் மியாங் தோங் தானி என்ற இடம். அப்போது அதன் வாசல் வரைக்கும் ரயில் கிடையாது. மோச்சிட் வரை வந்து, வேனோ டாக்ஸியோ பிடித்து, நெரிசலில் நெளிந்து போய்ச் சேர வேண்டும். உள்ளே போனால் முகக்கவசம் கழற்றக் கூடாது. கவசத்தோடு கத்திக் கத்தி எனக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி.

வெள்ளிக்கிழமை டென்மார்க். முதலில் ஆக்செல்சென், லக்ஷ்யாவை 21-13, 21-13 என்று முடித்தார். மார்ச்சில் ஆல் இங்கிலாந்து போட்டியின் இறுதியிலும் லக்ஷ்யா அவரிடம்தான் தோற்றிருந்தார். அந்த உயரத்திலிருந்து இறங்கும் ஸ்மாஷை டிவியில் பார்த்தால் சரியாகத் தெரியாது. சத்தம் முதலில் வருகிறதா, ஷட்டில் முதலில் வருகிறதா என்றே குழப்பம். அப்புறம் சாத்விக்–சிராக் மூன்றாவது கேமில் 22-20 என்று உயிரோடு வெளியே வந்தார்கள். எதிரே அஸ்ட்ரூப், கிறிஸ்டியான்சென். வேடிக்கை என்னவென்றால் நம் பையன்களுக்குக் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் மத்தியாஸ் போ. டென்மார்க்காரர், லண்டன் ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்தவர். எனக்குப் பக்கத்தில் இருந்த டேனிஷ் பெரியவர் அவரைப் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஸ்ரீகாந்த், ஆண்டன்செனை மூன்று கேமில் வென்றார். நம் இரண்டாவது இரட்டையர் கிருஷ்ண பிரசாத், விஷ்ணுவர்தன் ஜோடி தோற்றது. 2-2.

இனி பிரணாய். எதிரே ராஸ்மஸ் கெம்கே. முதல் கேமில் நெட்டுக்கு ஓடிப்போன பிரணாயின் கால் வழுக்கிக் கணுக்கால் மடங்கியது. அரங்கமே ஒரு மூச்சு விட்டது. மருத்துவ உதவி வந்தது, என்னமோ செய்தார்கள், எழுந்து நின்றார், நொண்டினார். அந்த கேம் 13-21. நான் போனை எடுத்து வீட்டுக்குத் திரும்ப டாக்ஸி என்ன விலை என்று பார்க்க ஆரம்பித்தேன். உண்மை அதுதான், வீரக்கதை சொல்ல விரும்பவில்லை.

அப்புறம் நடந்ததை எப்படி விளக்குவது? அந்தக் காலோடு ஓட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஓடவேண்டிய வேலையை எதிராளிக்குக் கொடுத்தார். ராலியை இழுக்கவே இல்லை. கெம்கே ஷட்டிலைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய இடத்துக்கே அவரைத் தள்ளிவிட்டு, வந்ததை அடித்தார். 21-9. மூன்றாவது கேமில் இடம் மாறிய பிறகும் அதே கதை, 21-12. கடைசிப் புள்ளி விழுந்ததும் மொத்த அணியும் கோர்ட்டுக்குள் பாய்ந்தது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு மலையாளிப் பையன்கள் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு நின்றார்கள், என்னையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். யார் என்று இன்றைக்கும் தெரியாது.

திரும்பும் வேனில் எனக்கு ஒரு கவலை வந்தது. இறுதியும் ஐந்தாவது ஆட்டத்துக்குப் போனால் அந்தக் கணுக்கால் தாங்குமா? இறுதிப் போட்டியைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். முதலில் வேறு யாராவது எழுதட்டும், எனக்கு அலுவலக வேலை காத்திருக்கிறது.


மகளிர் ஆட்டம் பார்ப்பவள், திருநெல்வேலி

எல்லாரும் வெள்ளியிலிருந்து ஞாயிறுக்குத் தாவுகிறீர்கள். நடுவில் சனிக்கிழமை என்று ஒன்று இருந்தது. அன்றைக்கு அதே அரங்கில் பெண்கள் அணிகளுக்கான ஊபர் கோப்பை இறுதி, தென் கொரியாவும் சீனாவும். அந்த வாரத்தில் நான் பார்த்ததிலேயே சிறந்த ஆட்டம் அன்றைக்கு முதல் ஒற்றையர்தான்: சீனாவின் சென் யூஃபெய், கொரியாவின் ஆன் சே-யங். 17-21, 21-15, 22-20 என்று சென் ஜெயித்தார். ஆன் சே-யங் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் கடைசியில் கால் பிடித்துக்கொண்டது. பிற்பாடு பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் வாங்கியதும் எல்லாரும் கொண்டாடிய பெண் அவர்தான். அந்த வலியை அன்றே பார்த்தவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை.

உங்கள் மூன்றாவது ஒற்றையர் பேச்சுக்கும் அது பொருந்தும். அந்த மோதலும் 2-2 என்று வந்து நின்றது. கடைசி ஆட்டத்தில் கொரியாவின் சிம் யூ-ஜின், வாங் ஸீயியை எதிர்கொண்டார். முதல் கேம் 28-26! இரண்டாவது போய்விட்டது, மூன்றாவது 21-8, கோப்பை கொரியாவுக்கு. சிம் யூ-ஜின் பெயரை அதற்கு முன்னால் நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

நம் பெண்கள் அணி காலிறுதியில் தாய்லாந்திடம் 0-3 என்று தோற்றது. சிந்து முதல் கேமை எடுத்த பிறகும் ரட்சனோக் விடவில்லை. அதைப் பற்றி யாரும் எழுதவே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரே வாரம், ஒரே அரங்கம், ஒரே நாட்டு அணி. ஆண்களுக்கு விளையாட்டு அமைச்சகம் ஒரு கோடி ரூபாய் அறிவித்தது, பிரதமர் தொலைபேசியில் பேசினார், லக்ஷ்யாவிடம் அவர் ஊரான அல்மோராவின் 'பால் மிட்டாய்' என்ற இனிப்பைக் கேட்டார். இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் பெண்கள் அணிக்கு இரண்டாவது, மூன்றாவது ஒற்றையர் எங்கே என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்கலாம்.


இரட்டையர் பைத்தியம், மதுரை

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஒற்றையர் என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். காலை ஷட்டில் சார் சொல்வதில் பாதி சரி. ஐந்தாவது ஆட்டத்துக்கு ஒரு அணி போக வேண்டுமென்றால் அதற்கு முன் நான்கில் இரண்டை எடுத்திருக்க வேண்டும். மலேசியாவிடமும் டென்மார்க்கிடமும் முதல் ஒற்றையர் போனது, இரண்டாவது இரட்டையரும் போனது. நடுவில் இருந்து கம்பத்தைத் தாங்கியது சாத்விக்–சிராக் ஜோடியும் ஸ்ரீகாந்தும். ஸ்ரீகாந்த் அந்த வாரம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, பேச வேண்டியவர் அவர். ஆனால் நான் இரட்டையர் பற்றித்தான் பேசுவேன்.

நம் நாட்டுக்கு இவ்வளவு காலம் தாமஸ் கோப்பை ஏன் வரவில்லை என்றால் என் பதில் ஒன்றே: இரட்டையர் இல்லை. பிரகாஷ் 1980இல் ஆல் இங்கிலாந்து வென்றார், கோபிசந்த் 2001இல் வென்றார். இந்த ஐந்து ஆட்ட முறையில் ஒருவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு மோதலில் ஒரு ஒற்றையர்தான் ஆடலாம். மூன்று புள்ளி வேண்டுமே, மற்றது எங்கிருந்து வரும்? நம் அகாடமிகளில் நன்றாக ஆடும் பையனை ஒற்றையருக்கு அனுப்புவார்கள், மிச்சம் இருப்பவனை இரட்டையருக்கு. என் கண்ணெதிரே எத்தனையோ முறை நடந்தது. சாத்விக் அந்த வழக்கத்தை உடைத்தார், சின்ன வயதிலிருந்தே இரட்டையர் ஆள்.

இறுதியில் இந்தோனேசியா கெவின் சஞ்சயாவையும் முகமது அஹ்சானையும் சேர்த்து இறக்கியது. கெவினின் வழக்கமான ஜோடி மார்கஸ் கிதியோன் காயத்தில் இருந்தார். அஹ்சானின் வழக்கமான ஜோடி ஹேந்திரா செத்தியாவான். பலர் இதைக் கட்டாயத்தில் போட்ட ஜோடி என்று கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெவின் நெட்டில் நிற்கும் ஆள், எதிராளி அடிப்பதற்கு முன்பே ராக்கெட்டைக் கொண்டுபோய் வைத்திருப்பார். அஹ்சான் பின்னால் நின்று அடிப்பவர், மூன்று முறை உலக சாம்பியன். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கணக்கு சரிதான். முதல் கேம் 21-18 அவர்களுக்கே போனது.

இரண்டாவது கேமில் நான்கு மேட்ச் பாயிண்ட், அதாவது அவர்கள் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடியும் நிலை, நம் தலைக்கு மேல் தொங்கியது. நான்கையும் காப்பாற்றினார்கள். 23-21. பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் கட்டத்தில் இரண்டு பேரும் பின்வாங்கவில்லை. என் மாணவர்கள் மேட்ச் பாயிண்டில் ஷட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எதிராளி தப்பு செய்வான் என்று காத்திருப்பார்கள். கெவினுக்கு எதிராக அப்படிக் காத்திருந்தால் கதை முடிந்தது. கெவின்–மார்கஸ் ஜோடியிடம் நம்மவர்கள் முன்பு திரும்பத் திரும்பத் தோற்றிருக்கிறார்கள், அந்த வேகம் எப்படி வரும் என்று உடம்புக்கே தெரியும். ஷட்டிலைத் தணித்தே வைத்தார்கள், நெஞ்சுக்கு நேரே ஓட்டினார்கள், சிராக் நெட்டை விட்டு நகரவில்லை. மூன்றாவது கேம் 21-19. 2-0.

கோப்பை எங்கே கிடைத்தது என்று கேட்டால், அந்த நான்கு புள்ளிகளில். அதில் ஒன்று அந்தப் பக்கம் விழுந்திருந்தால் 1-1, அப்புறம் பிரணாயின் கணுக்கால் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

இன்னொரு விஷயம். அந்த அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். அதே வருடம் அக்டோபரில் ஸ்பெயினின் சாந்தாந்தரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் சென்னைப் பையன் சங்கர் முத்துசாமி இறுதிவரை போய் வெள்ளி வாங்கினார். இறுதியில் சீன தைபேயின் குவோ குவான்-லின்னிடம் 14-21, 20-22. இரண்டாவது கேமை மட்டும் பிடித்திருந்தால்! அந்த ஆட்டத்தை என் மையத்தில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். இடது கைக்காரர், ராலியை அவசரப்படுத்தாத பொறுமை. ஒற்றையருக்கு நம்மிடம் வழி இருக்கிறது. இரட்டையருக்கு இன்னும் இல்லை என்பதுதான் என் பழைய பல்லவி.


மதியம் ரயிலில், மதுரைக்காரர்தான் இவரும்

மாஸ்டருக்கு வணக்கம். எனக்கு ஒளிபரப்பெல்லாம் கிடைக்கவில்லை. இறுதி நடந்த ஞாயிறு மதியம் எழும்பூரில் ரயில் ஏறும்போது லக்ஷ்யா முடித்திருந்தார், இரட்டையரும் முடியும் தறுவாயில். ஏறி உட்கார்ந்து பையை மேலே வைத்துவிட்டுப் பார்த்தால் 2-0. அதற்கப்புறம் ஸ்ரீகாந்த் ஆட்டம் முழுக்க எனக்கு வெறும் எண்கள்தான். 21-15 வந்தது. செங்கல்பட்டைத் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. இரண்டாவது கேம் 20க்கு நெருங்கி நிற்கிறது, திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதிர் சீட்டில் ஐபிஎல் பேசிக்கொண்டு வந்தவரிடம் உங்கள் போனில் சிக்னல் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றார். விஷயத்தைச் சொன்னதும் "ஷட்டிலா?" என்றார், ஆனால் போனைக் கொடுத்தார். அவர் போனில்தான் 23-21 என்று பார்த்தேன். அவருக்கு தாமஸ் கோப்பை என்றால் என்ன என்று மேல்மருவத்தூர் வரும்வரை விளக்கினேன். கேட்டாரா தெரியாது, தலையை ஆட்டினார்.


சும்மா படிக்க வந்தவர், கோவை

ரயில்காரர் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்விக்கு வருவோம். அதிர்ஷ்டமா என்று கேட்டவர்கள் 2024ஐயும் காட்டுவார்களே? அந்த வருடம் சீனாவின் செங்டுவில் நடந்த போட்டிக்கு நடப்பு சாம்பியனாகப் போனோம். குழுவில் இந்தோனேசியா நம்மை 4-1 என்று திருப்பிக் கொடுத்தது. காலிறுதியில் சீனாவிடம் 1-3. கோப்பையும் சீனாவுக்குத்தான் போனது. லக்ஷ்யா மட்டும் லி ஷிஃபெங்கை வென்றார். அதே வீரர்கள்தானே பெரும்பாலும்?


காலை ஷட்டில், சென்னை

கோவை நண்பரே, அதே வீரர்கள், ஆனால் இரண்டு வருடம் கூடிய வீரர்கள். எதிரே வேறு அணி. சீனா 2022இல் அரைகுறை அணியோடு வந்தது, 2024இல் சொந்த ஊரில் முழு பலத்தோடு நின்றது. ஒரு கோப்பையின் தகுதியை அடுத்த கோப்பையை வைத்து அளந்தால் 2014 ஜப்பானும் 2016 டென்மார்க்கும்கூட அதிர்ஷ்டம் என்று ஆகிவிடும். இரண்டும் அதற்கப்புறம் அந்தக் கோப்பையை எடுக்கவில்லை.

மாஸ்டர் சொன்ன நான்கு மேட்ச் பாயிண்ட் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஜோடி அந்தத் துணிச்சலோடு ஆட முடிந்ததற்குக் காரணம் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும்தான். நாம் தோற்றாலும் ஸ்ரீகாந்த் இருக்கிறார், பிரணாய் இருக்கிறார் என்று தெரிந்து ஆடுவதும், நாம் தோற்றால் எல்லாம் போச்சு என்று ஆடுவதும் ஒன்றா? பாங்காக் நண்பர் ஞாயிற்றுக்கிழமையை இன்னும் எழுதவில்லை. காத்திருக்கிறேன்.


கடைசி வரிசை, பாங்காக்

வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் பாதிக்கு மேல் சிவப்பு. இந்தோனேசியர்கள் ஆட்டம் பார்ப்பதில்லை, ஆட்டத்தை நடத்துகிறார்கள். அவர்கள் ஆள் ஒவ்வொரு முறை ஸ்மாஷ் அடிக்கும்போதும் ஒரே குரலில் சத்தம், கையில் காற்றடைத்த குச்சிகள். நாங்கள் அங்கங்கே பத்து, இருபது பேராகச் சிதறிக் கிடந்தோம். தாய்லாந்துக்காரர்களில் சிலர் பாவம் பார்த்து எங்களோடு சேர்ந்து கத்தினார்கள்.

லக்ஷ்யா அந்த வாரம் சௌ, லீ ஸீ ஜியா, ஆக்செல்சென் என்று வரிசையாக மூன்று பேரிடம் தோற்றுவிட்டு வந்திருந்தார். இந்தோனேசியாவின் கின்டிங் முதல் கேமை 21-8 என்று எடுத்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த இந்தோனேசியக் குடும்பம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். இரண்டாவது கேமில் லக்ஷ்யா அடிப்பதைக் குறைத்தார். கின்டிங்கின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் போட்டார். விழுந்து எடுத்தார், எழுந்து எடுத்தார். கின்டிங் கோட்டுக்கு வெளியே அடிக்க ஆரம்பித்தார். 21-17, 21-16. பக்கத்துக் குடும்பத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. தோற்றவனுக்குத்தான் சோறு போலிருக்கிறது.

இரட்டையரை மாஸ்டர் எழுதிவிட்டார், அதற்கு மேல் எழுத எனக்கு அறிவு போதாது. அரங்கின் நடுவில் இருப்பவர்களுக்கு அந்த நான்கு மேட்ச் பாயிண்ட் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்: ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கூட்டம் எழுந்து நின்றது, ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்தது. நான்காவது முறை சிலர் எழவே இல்லை.

ஸ்ரீகாந்த், ஜோனாதன் கிறிஸ்டி ஆட்டம் தொடங்கும்போது என் பார்வை கோர்ட்டில் இல்லை, இந்திய அணி உட்கார்ந்திருந்த இடத்தில்தான் இருந்தது. பிரணாய் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை மடங்கிய காலோடு ஐந்தாவது ஆட்டத்துக்கு அவர் இறங்க வேண்டியிருக்குமோ என்ற பயம் எனக்குப் போகவே இல்லை. ஸ்ரீகாந்த் முதல் கேமை 21-15 என்று சுலபமாக எடுத்தார். இரண்டாவதில் ஜோனாதன் விடாமல் துரத்தினார், 20-20ஐயும் தாண்டியது. நான் ஸ்கோர் பார்ப்பதை நிறுத்திவிட்டு அணியின் முகங்களைப் பார்த்து ஸ்கோர் தெரிந்துகொண்டேன். 23-21. எல்லாரும் எம்பிக் குதித்தார்கள், தடுப்பைத் தாண்டி ஓடினார்கள்.

நான்காவது ஆட்டமும் ஐந்தாவது ஆட்டமும் நடக்கவே இல்லை. இரண்டு மோதலை ஐந்தாவது ஆட்டத்தில் ஜெயித்துக் கொடுத்த மனிதருக்கு இறுதிப் போட்டியில் ராக்கெட்டைத் தொடும் வேலையே வரவில்லை. காலை ஷட்டில் அண்ணா, உங்கள் மூன்றாவது ஒற்றையர் கருத்தை இதை வைத்து நீங்கள் ஜெயித்ததாகவும் சொல்லலாம், மாஸ்டர் ஜெயித்ததாகவும் சொல்லலாம். எனக்கு அன்றைக்கு அந்த யோசனையெல்லாம் வரவில்லை. பக்கத்துக் குடும்பத்துப் பெரியவர் எழுந்து கை கொடுத்துவிட்டு, அடுத்த முறை பார்த்துக்கொள்கிறோம் என்றார். 2024இல் பார்த்தும்கொண்டார்கள்.